மஞ்சள் கரு யாருக்கு

தொங்கு தராசின் துணிப்பையில் குழந்தை நானிக்கை உட்கார வைத்தார்கள். பையின் இரண்டு ஓட்டைகளிலும் அவள் கால்கள் குச்சிகளாகத் தொங்கின. ருமினி தராசுக் குண்டை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தாள். போன மாதம் நின்ற கோட்டிலேயே வந்து நின்றது.

"ஏறல" என்றாள் ருமினி.

நானிக்கின் அம்மா பார்த்தினி விடியும் முன்பே எழுந்து செங்கல் அறுத்துவிட்டு, கையில் காய்ந்த மண்ணோடு வந்திருந்தாள்.

"முட்டை குடுக்கிறியா இல்லையா?"

"தெனம் குடுக்கிறேன்."

"சுகாதார நிலையத்து முட்டைய நான் குடுக்கிறது புள்ளைக்கு. கடையில குடுத்து நூடுல்ஸ் மாத்திக்கிறதுக்கு இல்ல."

"அல்லா மேல ஆணையா அவ வாயிலதான் வைக்கிறேன்."

வரிசையில் நின்ற ஒருத்தி, "முட்டைக்குள்ள வெறுங்காத்துதான் இருக்கும்போல" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். பார்த்தினிக்கும் சிரிப்பு வந்திருக்கும், இடுப்பு வலிக்காமல் இருந்திருந்தால்.

ருமினி சிரிக்கவில்லை. அவளும் சூளைக்காரன் பெண்டாட்டிதான். இந்தக் குழந்தைகளை நிறுப்பதற்கு யாரும் அவளுக்குக் கூலி தருவதில்லை. ஆனால் எடை ஏறாவிட்டால் நர்ஸம்மாவிடம் ஏச்சு வாங்குவது அவள்தான்.

"ரெண்டு வயசு ஆகப்போகுது பார்த்தினி. இப்ப வளரலேன்னா பின்னால இழுத்துப் புடிக்கிறது கஷ்டம். அடுத்த எடைக்கும் இப்படியே நின்னா டவுன் ஆஸ்பத்திரியில சேக்கணும்னு சொல்லிட்டாங்க."

"நான் அங்க போய் உக்காந்தா இங்க செங்கல் யாரு அறுக்கிறது? மழைக்கு முன்னால சூளை மூட்டணும்."

"அதனாலதான் கேக்கிறேன்."

"நம்பலேன்னா காலையில வந்து பாரு."

ருமினி வந்தாள். அடுக்களை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதுகுக் கூடையில் பாட்டில்கள் உரச ஜாமுக்காரியும் வந்து, பார்த்தினியின் புருஷன் சுகிமானின் கண்ணாடி டம்ளரில் பழுப்பு நிற ஜாமுக் கசாயத்தை ஊற்றினாள். சுகிமான் தலைப்பாகைத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றான். செங்கல் தூக்கும் சுமைத் தண்டு பதிந்து பதிந்து அவன் தோளில் தோல் கறுத்துத் தடித்திருந்தது.

பார்த்தினி முட்டையை உடைத்தாள். ஒரு ஓட்டிலிருந்து இன்னொரு ஓட்டுக்கு மாற்றி மாற்றி ஊற்றினாள். வெள்ளைக் கரு தகரக் கிண்ணத்தில் வழிந்தது. கிண்ணத்தைச் சோற்றுப் பானைக்குள் ஆவியில் வைத்தாள். மஞ்சள் கருவை, கை பழகிய வேகத்தில், புருஷனின் டம்ளரில் நழுவவிட்டாள். அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"அது என்ன?" என்றாள் ருமினி.

"எது?"

"இப்ப அவரு குடிச்சது."

"ஜாமு. தெரியாதமாதிரி கேக்கிற."

"அந்த மஞ்சள் புள்ளையோட முட்டையில இருந்ததுதானே?"

"மஞ்சள் சூடுக்கா. குழந்தைக்குக் கட்டி வரும். போன வெயில்ல கழுத்துல வந்துதே, நீயே பாத்தியே."

"அது அழுக்குல வந்துச்சு. நாள் பூரா சூளைச் சாம்பல்ல கெடந்து உருளுது."

ஜாமுக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டே, "ஆம்பளைக்கு மஞ்சள் கரு போட்டாத்தான் இடுப்பு நிக்கும்" என்றாள்.

"நீ உன் பாட்டில பாத்து நட" என்றாள் ருமினி. பிறகு பார்த்தினி பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் தீர்ந்து களைப்புதான் மிஞ்சியிருந்தது. "வெள்ளை நல்லதுதான், சதை புடிக்கும். ஆனா கொழுப்பு, கண்ணுக்கு வேணும்கிறது, மூளைக்கு வேணும்கிறது எல்லாம் மஞ்சள்லதான் இருக்கு. ரெண்டும் சேந்து உள்ள போகணும். வெள்ளை புள்ளைக்கு, மஞ்சள் புருஷனுக்கு, ஓடு மிளகாச் செடிக்கு. உனக்கு என்ன?"

பார்த்தினி அடுப்பை ஊதினாள்.

சுகிமான் சுமைத் தண்டைச் சுவரில் சாய்த்தான். "அது கடையில வாங்குன முட்டைன்னு நெனச்சேன்."

"கடை முட்டைய யாரு வாங்குனா? நீயா?"

"நீ சொல்லல."

"நீ கேக்கல." அவள் அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "நீ விழுந்தா இந்த அடுப்பே எரியாது. அவ மெலிஞ்சா நான் தூக்கிக்கலாம்."

பானை மூடி தடதடத்தது.

"இவருக்கு டெம்பே பொரிச்சுக் குடு" என்றாள் ருமினி எழுந்தபடி. "புளிக்க வெச்ச சோயாக் கட்டியில இல்லாத தெம்பா? நூடுல்ஸ் பாக்கெட்டைவிட எவ்வளவோ மேல். அந்த சிகரெட்டையும் கொறச்சா..."

"இன்னிக்கு சிகரெட்டப் பத்திப் பேசாத ருமினி" என்றான் சுகிமான்.

"பேசி என்ன, என் வீட்டுக்காரரே நிறுத்தல."

மறுநாள் ஜாமு வந்தது. சுகிமான் அதை மஞ்சள் கரு சேர்க்காமல் அப்படியே குடித்தான். கசப்பு முகத்தைக் கோணவைத்தது.

பார்த்தினி முட்டையை முழுசாக அவித்திருந்தாள். அவள் வைத்த மஞ்சளை நானிக் துப்பினாள். மறுபடி வைத்தாள், மறுபடி துப்பினாள். அதன் ருசியே அவளுக்குத் தெரியாது.

"இங்க குடு" என்று சுகிமான் பாயில் உட்கார்ந்தான். மஞ்சளைச் சோற்றுத் தண்ணீரில் குழைத்தான். வெடித்த கட்டைவிரல் இடுக்கில் அது ஒட்டிக்கொண்டது. ஒரு துளி எடுத்துக் குழந்தையின் உதட்டில் தடவினான். அவள் நக்கிப் பார்த்தாள். அடுத்த கவளத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவனையே முறைத்தாள்.

பாயில் சிந்தியிருந்த துணுக்குகளைப் பொறுக்கினான். கை தன்னால் அவன் வாய்ப்பக்கம் போனது. பாதியில் நிறுத்தி, பார்த்தினியிடம் நீட்டினான்.

"தின்னு."

"எனக்கு எதுக்கு?"

"தின்னுன்னேன்."

அவள் முகத்தைத் திருப்பினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

சூளையிலிருந்து மேஸ்திரி பெயர் சொல்லிக் கத்தினான். சுகிமான் எழவில்லை. குழந்தை இன்னும் விழுங்கவில்லை.