நெவர், டொக்டர்

மீன் பொரியலைப் படையல் இலையில் வைத்துவிட்டுக் கனகாம்பிகை நிமிர்ந்தாள். முன்னறையில் புருசனின் தமையன், அத்தான் சபாரத்தினம், முழங்கிக்கொண்டிருந்தார்.

“கீஹோலாம் கீஹோல்! புதுசா வந்திருக்காம். சாவி ஓட்டையாலை எட்டிப் பாத்து ஒப்பரேஷன் செய்யிறாங்களாம். அப்பிடித்தான் என்ரை தம்பியை முடிச்சவங்கள்.”

செத்த எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவுக்குக் குட்மேய்ஸில் இருந்த வீடு நிறைய வந்திருந்த சனம் ஓம் ஓம் என்று தலையாட்டியது. தலையாட்டத்தானே வந்தது.

அவள் புருசன் பாலேந்திராவுக்குக் கணையத்தில் நீர்க்கட்டி. வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு வடியவிட்டார்கள். அருமையாக முடிந்தது. அடுத்த நாள் எழும்பியிருந்து தேத்தண்ணி கேட்டார். மூன்றாம் நாள்தான் கை நடுங்கியது. போர்வையில் இல்லாத பூச்சியைப் பிடித்தார். வலிப்பு வந்தது, ஆள் போய்விட்டார்.

பிறகு டொக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, தினமும் குடிப்பாரா என்று கேட்டார். அரைப் போத்தல் பிரண்டி என்றாள். அந்த மனுசன் பேனையை மூடி வைத்தார். குடியைத் திடீரென்று நிறுத்தினதுதான் ஆளைக் கொன்றது, தெரிந்திருந்தால் அதற்கும் மருந்து கொடுத்திருப்போம் என்றார்.

ஒப்பரேஷனுக்கு முதலும் இதே கேள்வியைக் கேட்டவர்கள்தான். மொழிபெயர்க்கப் போயிருந்த, கோயில் கமிற்றித் தலைவரான அத்தான் நெஞ்சை நிமிர்த்தி, “நெவர், டொக்டர்” என்றார். குடும்ப மானமாம். தூ! பாலேந்திரா சுவரைப் பார்த்தார். அந்த இரண்டு சொல் விளங்காத அளவுக்குக் கனகாம்பிகை ஒன்றும் மொக்கு இல்லை. விளங்கியும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த வெட்கங்கெட்ட வாயை நினைக்க அவளுக்கே அருவருத்தது.

“அம்பிகை, தம்பிக்கு விருப்பமானதெல்லாம் வைச்சாச்சோ?” அத்தான் பாலேந்திராவின் படத்தடிக்கு வந்தார்.

“ஒண்டு குறையுது.”

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து பிரண்டிப் போத்தலை எடுத்து வந்தாள். முன்னறைச் சனம் எட்டிப் பார்த்தது.

“என்ன விசர் வேலை இது? ஆக்கள் நிக்கினம்!”

“நிக்கட்டும். டொக்டருக்குச் சொன்னதை இவையளுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ அத்தான். அவர் குடிக்கிறேல்லை எண்டு சொல்லுங்கோ. நானும் பக்கத்திலைதானே நிண்டனான், வாயைத் திறக்காமல்.”

சபாரத்தினம் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

அவள் கிளாசில் ஊற்றினாள். அவர் வழக்கமாகக் ‘காணும்’ என்று கை காட்டும் இடத்தில் அவள் கை தானாக நின்றது.

“சோடா எடுத்துக்கொண்டு வாறன்,” என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பிரிட்ஜைத் திறக்கப் போனாள்.