பச்சைக்குப் பதில் நீலம்

நாத்தனாரை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அண்ணிதான். தன் மேலாளரிடம் நாலு தடவை கெஞ்சி வாங்கிய இடம். புருஷனிடம் அடி வாங்கி, மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் நாத்தனார். இப்போதைக்குத் தற்காலிக வேலை. நிலைத்தால் தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விடலாம். நிலைக்காவிட்டால் அந்த ஆளிடமே திரும்ப வேண்டியதுதான். அண்ணன்காரன் இப்போதே தங்கையின் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட ஆரம்பித்திருந்தான். கூடப்பிறந்த லட்சணம் அப்படி.

வெந்நீர் ஹீட்டர் விற்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. எல்லாப் புகாரும் ஒரே மெயில் பெட்டியில் வந்து விழும். பதில் போட்டவர் அந்த மெயிலுக்குத் தன் நிறத்தைக் கொடுத்துவிட வேண்டும். அண்ணிக்கு நீலம், நாத்தனாருக்குப் பச்சை. மாதக் கடைசியில் மேலாளர் நிறத்தைத்தான் எண்ணுவார். யார் எப்படி உழைத்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத கதை.

அண்ணி மவுஸைத் தொடவே மாட்டாள். விசைப்பலகையில் கன்ட்ரோலும் ஆர் எழுத்தும் சேர்ந்தால் பதில். கன்ட்ரோலும் என்டரும் சேர்ந்தால் மெயில் போயே போய்விட்டது. கன்ட்ரோலும் எஃப் டூவும் சேர்ந்தால் நீலம். நாத்தனாரோ ஒவ்வொன்றுக்கும் மவுஸை நகர்த்திக்கொண்டு, சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரி திரை முழுக்கத் தேடுவாள். எத்தனை சொல்லிக்கொடுத்தாலும் மண்டையில் ஏறவில்லை. அடிபட்ட மனசில் என்னதான் ஏறும், பாவம்.

நாத்தனாரின் வேலை நிலைக்குமா என்று முடிவாகும் மாதக் கடைசி நெருங்கியது. அண்ணி தன் பங்கை மதியத்துக்குள் முடித்துவிட்டு, நாத்தனாருக்குக்கூடச் சொல்லாமல் அவள் பங்கையும் எடுத்துச் செய்ய ஆரம்பித்தாள். நிறத்துக்கு மட்டும் எஃப் த்ரீயை அழுத்த வேண்டும், அதுதான் பச்சை. முதல் நாள் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். அப்புறம் வேகம் பிடித்தது. வேகம் பிடித்த விரல் யார் பேச்சைக் கேட்கும்? பழகின எஃப் டூவிலேயே போய் விழுந்தது. முடித்த மெயிலைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது.

மாதக் கடைசியில் மேலாளர் திரையில் ஒரே நீலம். பச்சை இருந்த இடம் தெரியவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார். அண்ணி பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள். அதில் கிட்டத்தட்டப் பாதி அவளுக்குச் சேர வேண்டியது, நான்தான் நிறத்தை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று நடந்ததையெல்லாம் ஒப்பித்தாள்.

மேலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப ரெண்டு பேர் வேலையை நீங்க ஒருத்தரே முடிச்சிருக்கீங்க. இன்னொரு சீட்டு எதுக்கும்மா?"

போதாக்குறைக்கு, அண்ணிக்குச் சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார். அதை நாத்தனார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லது செய்யப் போய் இப்படியா முடியவேண்டும்? தன் கையை வெட்டிப் போட்டால்கூடத் தேவலை என்று இருந்தது அண்ணிக்கு.

வீட்டில் அண்ணன்காரன் தங்கைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பளம் எவ்வளவு கூடும் என்று மட்டும் கேட்டான். கை தவறித்தான் அப்படி ஆகிவிட்டது என்று அண்ணி நாத்தனாரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாத்தனார் சண்டை போடவில்லை. நம்பினாளா என்றும் தெரியவில்லை. மகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மேசையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

"அவருக்கு ஒரு மெயில் அடிச்சுக் குடுங்க அண்ணி. நாளைக்கு வீட்டுக்கே வந்துடறேன்னு. நீங்கதான் வேகமா அடிப்பீங்களே."

அண்ணி உட்கார்ந்தாள். அந்த ஒரு வரியை அடிக்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. அடித்து முடித்தும் அனுப்பக் கை வரவில்லை. நாத்தனார் அவள் தோளுக்கு மேலாக எட்டி, மவுஸைப் பிடித்து, திரையில் நிதானமாகத் தேடிக் கண்டுபிடித்து, தானே அனுப்பினாள்.