மன்றாட்டு மாலையாய்க் கற்ற மெய்யியற் சொற்கள்

தென்மேற்குச் சோளகக் காற்று கண்டற்காட்டின் தலைகளைப் பிடித்துச் சாய்க்கவும், கடல் வற்றிய சேற்றிலே உள்ளான் குருவிகள் கொத்திக் கொத்தி ஓடவும், கரையேறிய படகுகளின் நிழல் கிழக்கே நீளத் தொடங்கவும், விடத்தல்தீவின்மேல் பிற்பகல் வெயில் உருகிய ஈயம்போற் கிடந்தது. கற்றறிந்த வாசகரே, அவ்வழகில் மயங்க அங்கே எவருக்கும் ஓய்வில்லை. நண்டு உடைக்கும் வாடியின் நாற்றமே ஊரின் மூச்சாயிருந்தது. எத்துணை கழுவியும் அந்நாற்றம் நீங்காத விரல்களை மடக்கிக்கொண்டு, டினோஜா கோயிலை அடுத்த மண்டபத்துள் நுழைந்தாள்.

தமிழ்நாட்டு ஏதிலியர் முகாமிற் பிறந்து, தாய் அருளம்மாவோடு ஊர் திரும்பி, வாடியில் நண்டுச்சதை பிரித்துப் பிழைப்பவள் அவள். தொலைநகர்க் கல்லூரி ஒன்று மெய்யியலை ஆங்கிலத்திற் கற்க அவளுக்கு இடந்தர இசைந்திருந்தது. ஆயின் அத்துறைச் சொற்களை அவள் அறிவாள் என்று பத்திநாதன் உரைத்தாலன்றி அக்கதவு திறவாது. கத்தோலிக்கக் குருமடத்திலே மெய்யியல் பயின்று, குருவாகாமலே வெளியேறியவர் அவர். போர்க்காலத்தில் குண்டுமழையிற் கிடந்தவர் தாம், படகேறி அக்கரைக்குத் தப்பியவர் இவர்கள் என்பதை ஒருநாளும் மறவாதவர். அவள் நாவில் ஒட்டியிருந்த அக்கரைச் சாயலை அவள்முன்னே பேசிக்காட்டி நகைப்பவர். அவளும் அவரை மனமார வெறுத்தாள்.

கற்ற முறையோ, செபம் சொல்லி வளர்ந்த வீட்டார்க்கே தோன்றக்கூடியது. ஆங்கிலம் அறியாத அருளம்மா, அடுப்படியிலிருந்து லித்தானி எனும் மன்றாட்டு மாலையின் இழுவையிலே தமிழ்ச்சொல்லை எடுத்துக்கொடுப்பாள். மகள் மறுமொழி பாடுவாள். இன்றியமையாதது என்றால் நெசசரி. போதியது என்றால் சஃபிசியன்ற். தற்செயலானது என்றால் கொன்ரின்ஜன்ற். சாரம் என்றால் எசன்ஸ். புனிதர் வரிசை மாறாததுபோல் அவ்வரிசையும் மாறாது ஓடிற்று. மாறாதவரையில் வழுவாது ஓடிற்று.

பத்திநாதன் கதிரையிற் சாய்ந்தபடி, தற்செயலானதற்கு ஆங்கிலமும் எடுத்துக்காட்டும் கேட்டார். அவள் உதடுகள் அசைந்தன; முதற்சொல்லிலிருந்து ஒவ்வொன்றாய்க் கடந்தே அவ்விடத்தை அடையவேண்டியிருந்தது. அவர் கண்டுகொண்டார்.

"லித்தானி பாட இது கோயில் இல்லைப் பிள்ளை. ஒண்டைக் கேட்டா முழுமாலையையும் உருட்டுறாய். காம்ப் படிப்பு இவ்வளவுதான். போய் நண்டை உடை."

கல்லூரிக்கு இல்லையென்றே சொல்லப்போவதாகவும் கூறி, அவர் கைப்பேசியை எடுத்தார். வாடியின் ஈரத்தரையும், அதன்மேல் இனி வாழ்நாளெல்லாம் குந்தியிருக்கப்போகும் தன் உருவமும் அவள் கண்முன் எழுந்தன. அச்சம் எரிந்து சினமாயிற்று. அச்சினத்தின் வெப்பத்திலே மாலை அறுந்து, சொற்கள் தனித்தனியே கைக்கு வந்தன.

"நான் காம்பில பிறந்தது கொன்ரின்ஜன்ற், சேர். மடுவிலயும் பிறந்திருக்கலாம், கீரிக் கரையிலயும் பிறந்திருக்கலாம். ஆனா உங்கட எரிச்சல் அப்பிடியில்லை. அது உங்கட எசன்ஸ். அதை எடுத்தால் மிச்சமா ஒண்டும் இராது."

அவர் கை நின்றது. அவள் நிறுத்தவில்லை.

"சாமியாராகக் குருமடம் நெசசரி. சஃபிசியன்ற் இல்லை. இருந்திருந்தா இண்டைக்கு உங்களை நான் ஃபாதர் எண்டெல்லோ கூப்பிட்டிருப்பன்."

ஒருவரும் தொடத் துணியாத புண்ணை அவள் தொட்டுவிட்டாள். தொட்ட கருவியோ பிழையற்றது. பிழையென்று சொல்ல அவர் வாய் திறந்தது. ஆயின் தம்மிடம் எஞ்சியிருந்த ஒரே உடைமையாகிய அச்சொற்களைப் பொய்யாக்க அவரால் இயலவில்லை. கல்லூரியின் எண்ணை அழுத்தி, அவள் முகத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"பிள்ளைக்குச் சொல் விளங்குது. குணம் சரியில்லை. படிக்க எடுங்கோ."

பேசி முடித்துக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தவர், இனித் தம் கண்ணில் விழிக்கவேண்டாம் என்றார். அவள் நன்றி சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்த்திலர்.

அன்பினாற் கற்றது நிலைக்கும் என்பர் நல்லோர். பகையினாற் கற்றதும் நிலைக்கும். பின்னாளில், தொலைநகரின் குளிர்ந்த விரிவுரைக்கூடத்திலே அச்சொற்கள் ஒலிக்குந்தோறும் ஏனையோர்க்குப் பொருள் தோன்றிற்று. டினோஜாவுக்கோ, பொருளுக்கு முன்னே, வாய் திறந்து மூடிய ஒரு மனிதரின் முகம் தோன்றிற்று. அவள் அதைத் துடைக்க முயலவில்லை, இரங்கவுமில்லை. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள்.