படிக்கட்டின் கண்

வேலையில் சேரும் முதல் நாளன்றுதானா லிஃப்ட் மண்டையைப் போட வேண்டும் என்று அக்கா கேட்டாள். கேட்டது மூடிய கதவிடம். பதில் சொன்னது தம்பி. அது நேற்றே இழுத்துக்கொண்டுதான் கிடந்ததாம்.

நான்காம் மாடி. சக்கர நாற்காலி. பத்து மணிக்கு அலுவலகம்.

அம்மா வாசற்படியில் நின்றபடி, அந்த மேனேஜரே சொன்னாரல்லவா, முடியாவிட்டால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று, ஒரு போன் போட்டுவிட்டால் என்ன என்று மெல்ல ஆரம்பித்தாள். மேனேஜர் அதைச் சொன்னது உண்மை; நல்ல மனதோடு சொன்னதும் உண்மை. ஆனால், முதல் நாளே வர முடியவில்லை என்று சொல்லிவிட்டால், இன்றைய சலுகை நாளைய சட்டமாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். படித்து முடித்த பிறகு அவள் ஏறி இறங்கிய நேர்காணல்கள் கொஞ்சநஞ்சமல்ல. எல்லோரும் அவள் வரைந்ததை வாயாரப் புகழ்ந்தார்கள். புகழ்ந்து முடித்ததும் தங்கள் கட்டடத்துப் படிகளை நினைவுகூர்ந்தார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு வடிவமைப்புச் செய்து தரும் இந்த அலுவலகத்தில்தான் வாசலில் சரிவுப்பாதை இருந்தது. நான்கு பேர் நடுவில் உட்கார்ந்து, நான்கு பேரோடு சண்டை போட்டு வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டுக் கூரையின் விரிசலை அவள் பார்த்தது போதும். அதை இனிக் கண்ணை மூடிக்கொண்டே வரைந்துவிடுவாள்.

"போன் போட வேண்டாம்மா. போறேன்" என்றாள்.

தம்பி வேலை பார்த்த பட்டறை போன வருடம் மூடப்பட்டது. அன்றிலிருந்து வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் சுமை தூக்குகிறான். அவனுடைய கூட்டாளிகள் இருவர்: கூரையில் தலை இடிக்கும் நெட்டை, உருவத்தால் பெயர் பெற்ற உருளை. தம்பி கூப்பிட்ட கொஞ்ச நேரத்தில் இருவரும் மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார்கள், தொழில் தளவாடங்களோடு.

வந்ததும் தொழில்புத்தி வேலை செய்தது. உருளை ஒரு தடித்த கம்பளியை அவள் கழுத்துவரை போர்த்தினான். தம்பி தன் பங்குக்கு, 'உடையும் பொருள்' என்று அச்சிட்ட ஸ்டிக்கரை நாற்காலியின் பக்கவாட்டில் ஒட்டினான்.

"நான் என்னடா பீரோவா?"

"பீரோன்னா வாய் பேசாது" என்றான் தம்பி.

அவள் ஸ்டிக்கரை உரித்து அவன் நெற்றியில் ஒட்டினாள். நெட்டை சிரித்துக்கொண்டே குனிந்து, நீட்டிக்கொண்டிருப்பதைப் பிடித்துத் தூக்குவது என்ற தன் வழக்கப்படி கைதாங்கியைப் பிடித்து இழுத்தான். கைதாங்கி கையோடு வந்துவிட்டது. கொலைக்குற்றம் செய்தவனைப் போல அதை வைத்துக்கொண்டு விழித்தான்.

"பயப்படாதே. அது கழட்டுறதுக்குன்னே செஞ்சது. பின்னாடி தள்ளுற கைப்பிடியைப் பிடிச்சுக்கோ. முன்னாடி பிடிக்கிறவங்க இரும்புச் சட்டத்தைப் பிடிங்க."

அவர்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மாடிப்படியில் சுமை இறங்கும்போது ஒருவர் மட்டுமே பேசலாம். அவருக்குக் 'கண்' என்று பெயர். கண் நில் என்றால், தூக்குவது முதலாளியே ஆனாலும் நின்றாக வேண்டும். இன்றைக்கு நான்தான் கண் என்று தம்பி அறிவித்துவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டிய நெற்றியோடு முன்னால் இறங்கினான். நெட்டை மேலிருந்து நாற்காலியைப் பின்சாய்த்துப் பிடிக்க, உருளை அவள் முகத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்கினான்.

முதல் வரிசைப் படிகள் நன்றாகவே கழிந்தன. மூன்றாம் மாடித் திருப்பத்தில் யாரோ செருப்பு அலமாரி வைத்திருந்தார்கள். தம்பி பீரோக்களுக்குச் சொல்லும் அதே குரலில், இடது பக்கம் சாய் என்றான். சாய்த்தார்கள். பீரோவுக்கு முன்னால் நீட்டிய பாதம் கிடையாது, அவளுக்கு உண்டு. புதுச் செருப்பின் முனை சுவரில் உரசியது. நாற்காலி ஒருக்களித்து நின்றது. கீழே படிகள் பல்லை இளித்தன.

"நில்லு" என்றாள்.

நின்றார்கள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் உடம்பு பழகியிருந்தது. சொன்னது யார் என்று பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா தன் பாதத்தைக் காட்டினாள். "என் கால் எங்க முடியுதுன்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். உருளையோட முதுகுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னும் எனக்குத்தான் நல்லாத் தெரியுது. இனிமே நான்தான் கண்."

"சுமையே கண்ணா இருந்து நான் பார்த்ததில்லைக்கா."

"இப்பப் பாரு."

"யாராவது ஒருத்தர் கண்ணா இருங்கப்பா" என்று முனகினான் உருளை. "என் கை கழண்டுடும்போல இருக்கு. இது கழட்டுறதுக்குன்னு செஞ்சதில்லை."

சிரிப்பில் நாற்காலி குலுங்கியது. சிரிக்காதே என்பதுதான் புதுக் கண்ணின் முதல் கட்டளை. இரண்டாவது கட்டளைப்படி தம்பி செருப்பு அலமாரியைக் கட்டிப்பிடித்து ஓரமாக நகர்த்தினான். அதன்பின் படி, படி, திருப்பம், வலது, மெதுவாக, படி என்று அவள் குரல் முன்னே போக, மூவரும் அதன் பின்னே போனார்கள். இரண்டாம் மாடியில் கதவைத் திறந்த ஒருவர், பாவம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"அண்ணே, அந்த வாளியைக் கொஞ்சம் உள்ள எடுத்துக்குங்க."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பரிதாபப்பட அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

சாமான் வண்டியில், யாரோ ஒருவருடைய சோபாவின் பக்கத்தில் அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. மேனேஜர் எழுந்து வந்து, லிஃப்ட் கதையைக் கேட்டு உச்சுக்கொட்டினார். இப்படியெல்லாம் சிரமப்படுவானேன், அது சரியாகும்வரை வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்றார். அம்மாவின் குரல்போலவே அன்பான குரல்.

அக்கா கம்பளியின் நூல் ஒன்றைத் தன் சட்டையிலிருந்து எடுத்துப்போட்டாள். "இன்னைக்கு லேட் ஆனது என் தப்புதான் சார், மன்னிச்சுக்குங்க. இறங்குறது எப்படின்னு இன்னைக்குத்தான் கத்துக்கிட்டோம். நாளைக்கு இவ்வளவு நேரம் ஆகாது. என் மேசை எது?"

மேனேஜர் ஜன்னலோரத்தைக் காட்டினார்.

பக்கத்து மேசைப் பெண் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்தபோது நாற்காலியின் முதுகைப் பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, அங்கே ஏதோ ஒட்டியிருக்கிறது என்றாள். அக்கா உரித்துப் பார்த்தாள். அம்புக்குறிகளோடு, 'இந்தப் பக்கம் மேலே'. நெட்டையின் வேலையாகத்தான் இருக்கும். இதற்காக அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்திருக்கிறான்.

"அம்புக்குறி கோணலா இருக்கு" என்றாள் அக்கா.

"எங்க டிசைன்தான் அது" என்றாள் அந்தப் பெண். "ஒண்ணும் கோணல் இல்லை."

"தலைகீழாப் பிடிச்சுப் பாருங்க, சாய்வு நல்லாத் தெரியும்."

அந்தப் பெண் வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். ஒத்துக்கொள்ளவில்லை. மதியம்வரை சண்டை நடந்தது.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். லிஃப்ட் இன்னும் எழுந்திருக்கவில்லையாம். ஏறுவது இறங்குவதுபோல் இல்லை, வேண்டுமானால் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வரவா என்று கேட்டான்.

"கூட்டிட்டு வா. ஆனா வாயைத் திறக்கப்போறது நான் மட்டும்தான்னு முன்னாடியே சொல்லிடு."