உப்பு ஏன் கரைகிறது

பேராசிரியை அந்தக் கேள்வியைக் கேட்டது நல்லெண்ணத்தில்தான். யார் தலையில் அடித்து வேண்டுமானாலும் சத்தியம் செய்வார். கரும்பலகை முன்னால் அவருடைய மாணவி நின்றிருந்தாள். தேர்வுக் குழுத் தலைவர் கேட்ட முதல் கேள்வியிலேயே ஒரு குறியை மாற்றிப் போட்டு, அதை அழித்து, அழித்த இடத்திலேயே மறுபடியும் தப்பாக எழுதியிருந்தாள். பிள்ளை மிரண்டு போயிருக்கிறது, மூச்சு விடக் கொஞ்சம் இடம் கொடுப்போம் என்று பேராசிரியை குறுக்கே புகுந்தார்.

"அதை விடும்மா. உப்பைத் தண்ணியில போட்டா ஏன் கரையுது? அதைச் சொல்லு."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லிவிட்டு விளையாடப் போய்விடும். ஆனால் அவள் சொல்லவில்லை. பேராசிரியையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆய்வகத்தில் அவளுக்கு எறும்பு என்று பெயர். எந்நேரமும் எதையாவது தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருப்பாள். அவள் செய்து காட்டிய வேதிவினைகளை மூத்த மாணவர்களே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கைவேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. என்ன செய்ய, முனைவர் பட்டத்துக்குக் கை மட்டும் போதாதே. பாடங்களை முடித்தவர்கள் மூன்று பேராசிரியர்கள் முன்னால் நின்று வாயால் பதில் சொல்லித் தேற வேண்டும். போன முறை அவள் தேறவில்லை. இந்த முறையும் தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"எந்த உப்பு மேடம்?" என்று கேட்டாள் கடைசியில்.

சாதாரணச் சாப்பாட்டு உப்புதான் என்று பேராசிரியை சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் இன்னும் வெளிறிப் போனாள். திரும்பி, பலகை முழுக்க எழுத ஆரம்பித்தாள். வெப்பம் வெளியே வரும் என்றாள், இல்லை உள்ளே போகும் என்றாள், வெந்நீரில் வேறு மாதிரி என்றாள். எந்த உப்புக்கு எது என்று தலைவர் பிடித்துக்கொண்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். அதன் பிறகு அவர்கள் உப்பை விடவே இல்லை.

அவளை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். பெண் நல்ல உழைப்பாளிதான், ஆனால் அடித்தளமே ஆடுகிறதே என்றார் தலைவர். பேராசிரியை விடாமல் வாதாடினார். அவளுடைய ஆய்வைப் பற்றி, பொறுமையைப் பற்றி, பயத்தைப் பற்றி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலைவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அவளுக்குன்னு நீங்க கேட்ட கேள்விக்கே பதில் வரலையே மேடம்."

குழுவின் மூன்றாமவர் மேசையைப் பார்த்தபடியே தலையாட்டினார். பேராசிரியையும் ஆட்டினார். அவளை உள்ளே கூப்பிட்டுத் தலைவரே முடிவைச் சொன்னார். நன்றி சார் என்று சொல்லிவிட்டுப் போனாள், பாவி மகள்.

வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துத்தான் பேராசிரியை ஆய்வகத்துக்கு வந்தார். அவளோ தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைத் தூள் நிரப்பிய உயரமான கண்ணாடிக் குழாயில் முந்தின நாள் செய்த கலவையை ஊற்றியிருந்தாள். அது நிறம் நிறமாகப் பிரிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற மாணவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி வெளியே நழுவியிருந்தார்கள்.

"வேற யாராவது பாத்துப்பாங்க. நீ கிளம்பும்மா."

"பாதியில நிறுத்தினா எல்லாம் கலந்துடும் மேடம்."

பேராசிரியைக்குத் தாங்கவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டேவிட்டார். "உப்பு ஏன் கரையுதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்றாள். தண்ணீரின் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர். உப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பிரித்துவிடும். இரண்டே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அதான் முதல்ல வாயில வந்துச்சு. முதல்ல வர்ற பதிலை முழுங்கிடுன்னு நீங்கதானே மேடம் சொல்லுவீங்க."

ஆமாம், அவர்தான் சொல்வார். வந்த நாளிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் ஊட்டிய பாடம் அதுதான். மேடம் மணி கேட்டால்கூடக் கடிகாரத்தை நம்பிச் சொல்லாதே என்று முதுகுக்குப் பின்னால் கிண்டலடிப்பார்கள், அவரும் காதில் விழாத மாதிரி ரசித்திருக்கிறார். அந்தப் பாடத்தை ஒருத்தி எழுத்துக்கு எழுத்து நம்பியிருக்கிறாள். குழுத் தலைவரின் அறைக்கு ஓடிப்போய் அவர் காலில் விழலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் கையெழுத்தெல்லாம் போட்டாயிற்று.

அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "நீங்களும் சரின்னு சொன்னீங்களா மேடம்?"

"சொன்னேன்மா."

பேராசிரியை ஒரு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அவர் இந்த வேலையைத் தொட்டு வருடக்கணக்காகிறது. அவள் நகர்ந்து இடம் விட்டாள், சோதனைக் குழாய்கள் அடுக்கிய தாங்கியை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். கண்ணாடிக்குள் மஞ்சள் பட்டை அடிவரை இறங்கிவிட்டிருந்தது.

"மஞ்சள் வந்துடுச்சு. கீழ இருக்கிற குழாயை மாத்துங்க மேடம்," என்றாள்.

பேராசிரியைக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. தடவிப் பார்த்து அடுத்த குழாயை எடுத்து நீட்டுவதற்குள் முதல் சொட்டு அவருடைய கையுறையின் மேல் விழுந்து, விரல் வழியாக மெல்ல இறங்கியது.