பீக்கிங்கில் இருபத்தேழு படி

…அந்தப் படத்தை மட்டும் பிடுங்கி எடுத்திருக்கலாம், ஒரு ஸ்டேப்ளர் கம்பிதானே, நகத்தால் கிளப்பினாலே வந்திருக்கும். ஆனால் கூட இருக்கும் சோதிலிங்கம் அண்ணையல்லவா சொன்னார், "இருக்கிறதெல்லாத்தையும் சேர்த்துக் குத்தும் ஐசே, இவங்கள் கடுதாசியைத்தான் நம்புவாங்கள்" என்று. அரியரத்தினமும் தம்பியின் மரணப் பத்திரம், கிராமத்து விதானையார் கடிதம், மனைவி சந்திரகாந்தியின் கடிதம் எல்லாவற்றையும் உறையோடு குத்தி அசூல் என்கிற அகதித் தஞ்ச விண்ணப்பத்துடன் கொடுத்துவிட்டு, பெரிய காரியம் செய்தவன்போலத் தேநீரும் குடித்தான். அவள் திருப்பி அனுப்பிய படம் அந்த உறைக்குள்தான் இருந்தது என்பது இப்போது, பேர்லின் அலுவலகத்தின் இந்த வாங்கில் உட்கார்ந்த பிறகல்லவா ஞாபகம் வருகிறது… மற்றவர்கள் யாரோ ஒருவனின் பென்ஸ் காரில் சாய்ந்து படமெடுத்து ஊருக்கு அனுப்பினார்கள், இவனுக்கு அந்தத் துணிவுகூட இல்லை, களவாகக் கோப்பை கழுவும் சீன உணவகத்தில், சுவர் முழுக்க ஒட்டியிருந்த பீக்கிங் கோயில் படத்துக்கு முன்னால், யாழ்ப்பாணத்து ஸ்டூடியோவில் மாளிகைத் திரைக்கு முன்னால் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், ஏப்ரனை மட்டும் கழற்றினான், மாப்பிள்ளை! அவளோ பின்பக்கத்தில் எழுதினாள்: "இது ஜேர்மனியோ? உண்மையைச் சொல்லுங்கோ, எங்கை நிக்கிறியள்?" அதையேதான் உள்ளே இருக்கும் அதிகாரியும் கேட்கப்போகிறார். உணவகம் என்று சொன்னால், அகதிக்கு வேலை செய்யத் தடை, முதலாளியும் சேர்ந்து மாட்டுவார், பாவம், மிஞ்சிய சோற்றைக் கட்டிக்கொடுக்கிற மனிதர். பீக்கிங் என்றால், ஊர் சுற்றிப் பார்க்கிறவனுக்கு என்னத்துக்கு அசூல், ஏறு ஊர் திரும்பும் விமானத்தில்…

போன தடவை, ஊரில் பிடித்துக்கொண்டுபோய் அடைத்த முகாமைப் பற்றித்தான் கேட்டார், வாசலில் எத்தனை படி, கதவு என்ன நிறம், எந்த நாள்… கண்ணைக் கட்டிக் கொண்டுபோனவனிடம் நிறம் கேட்டால்? படி காலில் இடித்தது, பக்கத்தில் வந்த தம்பி "அண்ணை, படி, பாத்து" என்றான், பார்க்கவாம், அவன் கண்ணும்தான் கட்டியிருந்தது, அதற்குப் பிறகு அவன் குரல் கேட்கவில்லை. இதைச் சொல்ல வாய் வருமா? "தெரியாது" என்றான். கதவுக்கும் தெரியாது. நாளுக்கும் தெரியாது. அதிகாரி மூன்றையும் எழுதிக்கொண்டார், முகத்தில் ஒன்றுமில்லை… பெயரைக் கூப்பிடுகிறார்கள், எழும்பு, காலே, எழும்பு.

மேசையில் கம்பி கழற்றிய படம் தனியாக இருந்தது. மொழிபெயர்க்க வந்த மதுரைக்காரர் உமாபதி குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது எந்த இடம்னு கேக்குறார். அங்க போயிருக்கீங்களா? என்ன தெரியும்னு சொல்லச் சொல்றார்" என்றார். என்ன தெரியுமா? எட்டு மாதம் அந்தச் சுவருக்கு முன்னால் நிலம் துடைத்தவனிடமா? வட்டக் கோயில், நீலக் கூரை மூன்றடுக்கு, உச்சியில் பொன் குமிழ், ஒரு ஆணிகூட அடிக்காமல் கட்டியதென்று பரிசாரகன் சொன்னான், கீழே வெள்ளைக்கல் தளம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது படி. வேறொரு படி நினைவுக்கு வராமலிருக்க ஒவ்வொரு நாளும் எண்ணியது, பிசகவே பிசகாது… "ஓம், சொல்லுறன்" என்று தன் குரலே கேட்டது, எதைச் சொல்லப்போகிறாய் அரியரத்தினம், எதை? அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு முதல்தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார். இருபத்தேழு, நாக்கு நுனியில் நிற்கிறது, இதைச் சொன்னால், பீக்கிங் போய்வந்தவன் என்று இந்த மனிதர் உடனே நம்பிவிடுவார்.