ஏழாம் நம்பர் மெஷினுக்குக் குடை பிடித்த வருடம்

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையின் மூன்றாவது கொட்டகையில், ஏழாம் நம்பர் மெஷினின் மேல் மட்டும் நாலு வருடமாக மழை பெய்துகொண்டிருந்தது. கூரையில் ஓட்டை இல்லை. இரண்டு தடவை தகரத்தைப் பிரித்தே பார்த்துவிட்டார்கள். ஆறாம் நம்பர் காய்ந்து கிடக்கும், எட்டாம் நம்பரில் தூசி பறக்கும், ஏழின் தலையில் மட்டும் சித்திரையிலும் ஐப்பசித் தூறல் விழும். நிமிடத்துக்கு நாலு லிட்டர் என்று அளந்து கோப்பில் எழுதி, கீழே ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் புல்தரைக்குத் திருப்பிவிட்டதும் நிர்வாகத்துக்கு அந்த விவகாரம் முடிந்துபோயிற்று. மெஷினின் கணினித் திரைக்குள் தண்ணீர் இறங்கிவிடக் கூடாதே என்ற ஒரு தொல்லைதான் மிச்சம். இரும்பில் ஒரு மூடி செய்து மாட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். மூடிக்கு ஆறு மேலாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரியிலிருந்து ஒரு பயிற்சி மாணவரை வரவழைக்க ஒரே கையெழுத்து போதும். ஆகவே வருடத்துக்கு ஒரு மாணவர் வந்து குடை பிடிப்பது என்று ஏற்பாடாயிற்று.

நான்காவதாக வந்தவள் ரூத். திருக்கழுக்குன்றத்துப் பெண், மெக்கானிக்கலில் மூன்று வருடம் முடித்தவள். அவள் அம்மா சாராள் மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு மேற்பார்வை. சாராளின் அப்பா வரைக்கும் எல்லாரும் அடுத்தவர் கழனியில் முதுகு ஒடிந்தவர்கள். இப்போது மகள் ஒரு வருடம் ஃபாக்டரியில் மெஷின் ஓட்டப் போகிறாள் என்றால் சும்மா இருக்க முடியுமா? விடுதியின் நீச்சல்குளத்துக்குக் குளோரின் போடுகிறவர் வரை ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிவைத்தாள். ரூத்தின் கல்லூரியில் நாலு வருடப் படிப்பில் ஒரு வருடம் முழுக்கத் தொழிற்சாலையில் கழிய வேண்டும். அதற்கென்று கொடுக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'தன் கையால் செய்த வேலை' என்று பத்துக் கட்டங்கள் உண்டு. பத்திலும் தொழிற்சாலை அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். முன்னால் குடை பிடித்த மூன்று பேரும் அந்தக் கட்டங்களுக்காக இன்னும் நடையாய் நடந்துகொண்டிருந்தார்கள்.

கையெழுத்துப் போட வேண்டியவர் துணை மேலாளர் ஹரிசங்கர். தங்கமான மனிதர், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர், எதையும் செய்துவிடாதவர். முதல் நாளே ரூத்தை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து விளக்கினார். பயிற்சி மாணவர்கள் மெஷினைத் தொடக் கூடாது, இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது. தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டையும் தாண்டக் கூடாது. கோட்டுக்கு வெளியே நின்றால் குடை எட்டாதே என்று அவள் கேட்டதற்கு, மறுநாளே ஆள் அனுப்பி அவள் கால் வைக்கிற இடத்தை மட்டும் சுற்றி வளைத்துக் கோட்டைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். தொடாமல் பத்துக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்ற கேள்விக்கு, பார்க்கலாம்மா என்றார். அந்தப் 'பார்க்கலாம்' ஏழு மாதம் ஓடியது. அதற்குள் ரூத்தின் விரல் நுனிகள் நிரந்தரமாகச் சுருங்கிவிட்டன, யூனிஃபார்ம் ஒரு நாளும் காயவில்லை. தினசரிக் குறிப்பில் 'இன்று குடை பிடித்தேன்' என்று எழுதி அனுப்பினாள். கல்லூரி வழிகாட்டியான துர்காதேவி மேடம் சிவப்பு மையில் திருத்தினார்: இப்படி எழுதினால் மதிப்பெண் போகும், 'மேற்புற நீர்மப் பாதுகாப்பு' என்று எழுது. பாதுகாத்தாள். வீட்டில் தினமும் மெஷினைத் தொட்டியா என்று அம்மா கேட்பாள்; தொட்டேம்மா என்று பொய் சொல்லிவிட்டுத் தட்டில் குனிந்துகொள்வாள். அந்தப் பொய் அவளுக்கு வேம்பாய்க் கசந்தது.

மெஷினை ஓட்டியது முனிசாமி, ஒப்பந்தத் தொழிலாளி, பதினோரு வருடம். கார்க் கதவைத் தாங்குகிற சுண்டுவிரல் நீள இரும்புப் பின்களை ஒரு நாளைக்கு முந்நூற்று நாற்பது கடைந்து தள்ளுவார். அவர் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை; வாயைத் திறந்தாலே மழை உள்ளே போகும். ஆனால் ஏழு மாதம் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் கல்லுக்கே வேலை வந்துவிடும், ரூத்துக்கு வராதா? கடையும் முனை மழுங்குவது அவளுக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

இந்தப் பக்கத்தில் ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆள் தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் கேட்டுவிடுவானாம்; அதனால் வருடத்துக்கு ஒரு முறை பத்து நாள் 'பிரேக்' என்று வெளியே நிறுத்தி, பதினோராம் நாள் புது ஆளைப் போல உள்ளே விடுவார்கள். முனிசாமி பதினோரு தடவை புது ஆளானவர். அந்த வருடம் பிரேக் போட்ட புத்திசாலி யாரோ, பின்கள் அவசரமாகக் கப்பலேற வேண்டிய வாரத்திலேயே போட்டுவிட்டான். மாற்று ஆள் வரவில்லை. லாரி வாசலில் நின்றது. ரூத் இரண்டு மணி நேரம் பார்த்தாள். பிறகு, வண்டி ஓட்டிக்கொண்டே செல்போன் பேசுகிறவர்கள் செய்வது போல, குடைக் கம்பைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி மெஷினில் கை வைத்தாள். நாளைக்கு முந்நூற்று நாற்பது பின், பத்து நாள், கழிவு ஒன்றுகூட இல்லை. யாரும் பார்க்கவில்லை. ஷூ நனையும் என்று அதிகாரிகள் அந்தப் பக்கமே வருவதில்லை.

பதினோராம் நாள்தான் ஹரிசங்கர் கண்ணில் பட்டது: ஆள் இல்லை, சரக்கு மட்டும் போயிருக்கிறது. ரூத்தைக் கூப்பிட்டார். நான்தான் சார் ஓட்டினேன் என்றாள். அவர் வாஞ்சையோடு சிரித்தார். அது எப்படிம்மா முடியும்? விதி இருக்கிறதே. அப்படி நடந்திருந்தால் என் பிரிவில் விதிமீறல் என்று ஆகும். என் பிரிவில் விதிமீறல் கிடையாது. ஆகவே அப்படி நடக்கவில்லை. அறிக்கையில் ஏழாம் நம்பர் மெஷின் பத்து நாள் தானாகவே ஓடியது என்று எழுதினார். தலைமை அலுவலகம் பூரித்துப்போய் ஒரு கேடயம் அனுப்பியது. அதோடு ஹரிசங்கரைப் படம் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். படத்தின் ஓரத்தில் ரூத்தின் குடை பாதி விழுந்திருந்தது. தானே ஓடுகிற மெஷினுக்கு ஆள் எதற்கு? முனிசாமியின் கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. மெஷின் தானாக ஓடிக்கொண்டிருந்தது, அதாவது ரூத் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பிரேக் நீண்டுபோயிற்று என்றே நினைத்திருந்த அவள், முனிசாமிக்கு ஆனதை ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்துகொண்டாள், சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட் டீக்கடையில், அவர் வாயாலேயே.

"நீ ஓட்டின, என் வேல பூட்ச்சி," என்றார் முனிசாமி. "உம்மேல கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யி பாப்பா. கொஞ்சம் கீது."

ரூத் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பஸ்ஸில் வழி நெடுக அழுதாள். மறுநாள் ஏழாம் நம்பர் மெஷின் ஓடவில்லை.

நாலு நாள் ஓடவில்லை. பெங்களூரிலிருந்து வந்த நிபுணர் மெஷினில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே திரும்பிப் போனார். பூசணிக்காய் உடைத்தார்கள், சந்தனமும் குங்குமமும் வைக்க வைக்க மழை கழுவிக்கொண்டு போயிற்று. மறுபடி வாசலில் லாரி. ஹரிசங்கர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ரூத்தை ஓட்டச் சொல்லலாம். சொன்னால் தன் அறிக்கை பொய்யென்று ஆகும், கேடயத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். கடைசியில் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மழைக்குள் வந்தார்.

"என்னம்மா, ஏன் ஓட மாட்டேங்குது?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான் குடை புடிக்கிறவ."

அவர் நனைந்துகொண்டு நின்றார். ரூத் ஒன்றும் அறியாத பிள்ளை போல மெஷினையே பார்த்தாள். அப்புறம், தனக்குத் தோன்றுவதைச் சொல்லலாமா என்று கேட்டாள்.

"அதுக்கு ஒரு குடை பத்தல போல சார். முனிசாமி அண்ணன் இன்னொண்ணு புடிச்சா ஓடும்னு நெனைக்கிறேன். அப்புறம் என்னோட பொஸ்தகத்துல பத்துக் கட்டம் காலியா கீது. அதப் பாத்துகினேதான் மொறைச்சுகினு நிக்குதோ இன்னாமோ."

ஆயுதபூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்துப் பொரி படைக்கிறவர்களுக்கு மெஷின் கோபித்துக்கொள்வது புரியாத விஷயமில்லை. ஹரிசங்கர் அங்கேயே பேனாவை எடுத்தார். அந்த வருடத்தில் முதல் முறையாகக் குடையை ஒரு மனிதர் தலைக்கு மேல் பிடித்தாள் ரூத். பத்துக் கையெழுத்தும் விழுந்தன. முனிசாமி விஷயத்தில்தான் ஒரு சிக்கல் வந்தது: கடைசல் வேலைக்கு ஒப்பந்தக்காரர் உண்டு, குடை பிடிக்கிற வேலைக்கு அப்படி யாரும் இல்லை. எனவே கம்பெனியே அவரை நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பதினோரு வருடம் பின் கடைந்து கிடைக்காத நிரந்தரம் குடைக்குக் கிடைத்தது. அன்றே மெஷின் ஓடியது. காலையில் முனிசாமி ஓட்டுவார், ரூத் குடை பிடிப்பாள். சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொள்வார்கள். மெஷினில் தொங்கும் செயல்முறைத் தாளில், தேவை: மழை நிமிடத்துக்கு நாலு லிட்டர், குடை இரண்டு, ஆள் இல்லை என்று அச்சடித்து ஒட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த தணிக்கையாளர் அதை வரி வரியாகப் படித்து, குடைகளுக்கு அளவுச் சான்றிதழ் வாங்கினீர்களா என்று மட்டும் கேட்டார்.

பட்டம் வாங்கிய மாதமே ரூத் ஒரகடத்தில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். எதிரே உட்கார்ந்திருந்த மேலாளர் அவள் புத்தகத்தை ஆரம்பத்திலிருந்து புரட்டினார். மழை, அளவு, குடை எல்லாம் தலையாட்டிக்கொண்டே தாண்டிப் போனார். கடைசிப் பக்கம் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார்.

"மழை சரிம்மா, எங்க நாலாம் நம்பர்லயும் பெய்யுது. ஆனா ஒரு டிரெய்னி கையில மெஷினக் குடுத்தாங்கன்னு எழுதிக் கொண்டாந்திருக்கியே, இத எப்படி நம்புறது?"

அந்த நாலாம் நம்பரைக் காட்டுங்கள் என்றாள் ரூத். கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். யாரோ ஒரு குடையை நீட்டினார்கள், அவள் வாங்கவில்லை. மேலாளர் காய்ந்த பக்கத்தில் நின்று அவள் அந்த நாலாம் நம்பரின் முனையை மாற்றி, அளவு வைத்து, முதல் பின்னைக் கடைந்து முடிக்கும்வரை பார்த்தார். கை நீட்டி அதை வாங்கி மைக்ரோமீட்டரில் வைத்தார். இன்னொரு தடவையும் வைத்தார். திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள் என்றார். சாயங்காலம் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட அவள் செங்கல்பட்டு பஸ் ஏறினாள். வெளியே நல்ல வெயில். சீட் ஈரமாகும், நின்றுகொண்டே வாம்மா என்று சொல்லிக் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.